தறிச் சத்தத்தில் போன காது ஊசி போட்டால் திரும்புமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ஜலகண்டாபுரத்தில் உங்கள் அப்பா 31 வருடமாக விசைத்தறி ஓட்டுகிறார், வயது 57. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார், ஆனால் "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னு புரியலை" என்கிறார். போன மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போனபோது சில்வண்டுச் சத்தம் உங்கள் எல்லோர் காதையும் துளைத்தது, அவருக்கு மட்டும் கேட்கவே இல்லை. அப்படிப்பட்டவருக்கு ராத்திரி வீட்டில் படுத்தால் காதுக்குள் சில்வண்டு மாதிரியே ஏதோ விடாமல் கத்துகிறது. சீனாவில் பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு ஊசி போட்டுக் கேட்க வைத்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் வீடியோ காட்டியிருக்கிறார். அதை நம்பி ஓரிடத்தில் விசாரித்தால் "செல் ஊசி" என்று சொல்லி ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். கடன் வாங்கி அதைப் போடலாமா, இன்னும் நல்ல மருந்து வரும்வரை காத்திருக்கலாமா, காது மிஷின் வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில், 24 வயதுத் தம்பியும் அதே பட்டறையில்தான் தறி ஓட்டுகிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

சேலத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். இளம்பிள்ளை, தாரமங்கலம், கொண்டலாம்பட்டி, அம்மாப்பேட்டை என்று தறி ஓடாத பக்கமே இல்லாத ஊரில் இருப்பதால், உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் வாராவாரம் வருகிறார்கள். ஆனாலும் அவர் காதை நான் பார்க்கவில்லை, எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் அவருடைய ஆடியோகிராம் தாளும் என் கையில் இல்லை. குறும்பி அடைத்திருக்கலாம், பழைய சீழ்க்காது இருக்கலாம், சர்க்கரை நோயும் சேர்ந்திருக்கலாம். அதனால் அவரைப் பற்றி நான் சொல்வது அனுமானம்தான். காதைப் பற்றியும் ஆராய்ச்சியைப் பற்றியும் சொல்வதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

நீங்கள் சொன்னதில் எனக்குப் பெரிய தடயம் அந்தச் சில்வண்டுதான். உள்காதில் காக்ளியா என்று ஒரு பட்டாணி அளவு நத்தைக்கூடு இருக்கிறது, இரண்டரைச் சுற்று. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் நுண்ணிய இழைகள். சத்தம் வந்தால் அந்த இழைகள் சாயும், செல் நரம்புக்குச் சேதி அனுப்பும். கீச்சுக் குரல்களை நத்தைக்கூட்டின் வாசல் பக்கம் உள்ள செல்கள் பிடிக்கும், கனத்த ஒலிகளை உள்கோடியில் உள்ளவை பிடிக்கும். பலத்த சத்தத்தில் முதலில் சாவது வாசலிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிற, 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரச் செல்கள் (ஹெர்ட்ஸ் எண் கூடினால் ஒலி கீச்சாகும், குறைந்தால் கனக்கும்). காதுத் துவாரத்தின் நீளமே 3000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைப் பெருக்கி உள்ளே அனுப்புகிறது, அடி அதற்குச் சற்று மேலே விழுகிறது. ஆடியோகிராமில் இது 4000-இல் ஒரு பள்ளமாகத் தெரியும். சில்வண்டின் ரீங்காரமும் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான். பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளுக்கு பலம் கீழே இருக்கிறது. ச, த, க, ட போன்ற வல்லெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் சன்னமான உரசலும் வெடிப்பும் மேலே இருக்கிறது. மேலே உள்ளது போய்விட்டால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. "சாதம்" என்றால் "காதம்" என்று கேட்கும். வீட்டில் உள்ளவர்கள் "வேணும்னா கேக்குது, வேணாம்னா கேக்கலை" என்று கோபப்படுவார்கள். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை முதலில் வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

சத்தம் காதைக் கெடுக்கும் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 1886-இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற மருத்துவர் கொதிகலன் செய்யும் 100 தொழிலாளர்களைக் கைக்கடிகாரத்தின் டிக் டிக் ஓசையை வைத்தே சோதித்து, தபால்காரர்களோடு ஒப்பிட்டு இதைக் காட்டிவிட்டார். ஆனால் நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 1965-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில், வங்காளத்துச் சணலை நெய்த ஆலைகளில், வாழ்நாள் முழுக்கத் தறியில் நின்ற பெண்களை வில்லியம் டெய்லர் குழுவினர் சோதித்தார்கள். தறிச் சத்தம் 100 டெசிபலை (சத்தத்தின் பலத்தை அளக்கும் அலகு) ஒட்டி. அந்தப் பெண்கள் ஒருவரோடொருவர் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். நம் பட்டறைகளிலும் அப்படித்தானே. டெய்லர் குழுவினர் கண்டது இது: 4000 ஹெர்ட்ஸில் விழும் சேதத்தின் பெரும்பகுதி முதல் பத்து, பதினைந்து வருடத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அப்புறம் கொஞ்ச காலம் நின்றாற்போல இருக்கும். இருபது, இருபத்தைந்து வருடம் தாண்டினால் பள்ளம் 2000 ஹெர்ட்ஸ் பக்கம் பரவும், அது பேச்சின் நடு மையம். உங்கள் அப்பா "இப்பத்தான் ஒரு ரெண்டு வருஷமா" என்று சொல்லியிருப்பார். அநேகமாக அவருக்கு முப்பது வயதிலேயே தொடங்கிவிட்டது, பேச்சைத் தொட்டபோதுதான் தெரிந்தது. உங்கள் தம்பி இப்போது நிற்பது அந்த முதல் பத்து வருடத்துக்குள்.

இவ்வளவு தெரிந்தும் மருந்து ஏன் இல்லை என்று கேட்பீர்கள். உள்காதை ஆராய்வதிலேயே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. அது உடம்பிலேயே மிகக் கடினமான எலும்புக்குள் புதைந்து கிடக்கிறது. மேற்படிப்பின்போது, இறந்தவர்கள் தானமாகத் தந்த அந்த எலும்பில் மைக்ரோஸ்கோப் வைத்துத் துளையிட்டுப் பழகுவோம். முதன்முதலாக நத்தைக்கூட்டைத் திறந்த அன்று, நூல் நுனி அளவு கை அசைந்ததில் எல்லாம் சிதைந்துபோனதை இன்னும் மறக்கவில்லை. கல்லீரலில் ஊசி விட்டுத் துண்டு எடுத்துப் பார்க்கலாம். உயிரோடு இருப்பவரின் காக்ளியாவில் துண்டு எடுத்தால் அந்தக் காது அதோடு போய்விடும். அதனால் நமக்குத் தெரிந்தது எல்லாம் இரண்டு வழியில் வந்தது: இறந்தவர்களின் எலும்பை மாதக்கணக்கில் ஊறவைத்து மெல்லிய சீவல்களாக்கிப் பார்த்தது, அப்புறம் எலி, கினிப் பன்றி, கோழிக்குஞ்சு ஆகியவற்றில் பார்த்தது. இரண்டிலும் குறை உண்டு. எலியில் நடந்தது மனிதனிலும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எலியில் வந்த ஒரு முடிவு எங்கள் துறையையே உலுக்கியது. 2009-இல் அமெரிக்காவில் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளை 100 டெசிபல் சத்தத்தில் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். கேட்கும் திறன் மங்கியது, சில வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, மயிர்ச்செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் வெட்டிப் பார்த்தால், செல்லுக்கும் நரம்புக்கும் நடுவே உள்ள இணைப்புகளில், கீச்சொலிப் பகுதியில் பாதி வரைக்கும் அறுந்து போயிருந்தன. தறி நின்ற பிறகு காதில் ஒரு மந்தம் இருந்து, தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிறது என்று உங்கள் தம்பி சொன்னால், அது முழுதாகச் சரியாகிவிட்டது என்று இனி என்னால் உறுதிகொடுக்க முடியாது. ஆனால் இங்கே ஒரு கோடு போட வேண்டும். வயதாக ஆக மனிதக் காதிலும் இந்த இணைப்புகள் குறைவது இறந்தவர்களின் எலும்பில் பார்த்த உண்மை. சத்தத்தால் மனிதனுக்கு எவ்வளவு அறுகிறது என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. உயிரோடிருப்பவரிடம் அதை அளக்க நம்பகமான சோதனையும் இதுவரை கிடையாது. யாராவது "மறைந்திருக்கும் நரம்புச் சேதத்தைக் கண்டுபிடித்துத் தருகிறோம்" என்று பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி அந்தச் சீன ஊசி. வீடியோ பொய் இல்லை. 2024 தொடக்கத்தில் லான்செட் மருத்துவ இதழில் வந்த, ஷாங்காய் ஃபூதான் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த சிகிச்சை அது. ஆறு குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள், ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கியது. படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அந்தக் குழந்தைகளின் காதில் என்ன குறை என்று பார்க்க வேண்டும். அவர்களுடைய மயிர்ச்செல்கள் உயிரோடு, வரிசை கலையாமல் நின்றுகொண்டிருந்தன. செல்லிலிருந்து நரம்புக்குச் சேதியைத் தள்ளிவிடுகிற ஓட்டோஃபெர்லின் என்ற ஒரே ஒரு புரதம் மட்டும் மரபணுக் கோளாறால் இல்லை. அந்த மரபணுவை வைரஸில் ஏற்றி உள்ளே அனுப்பினார்கள். ஒரு வைரஸில் கொள்ளாத அளவுக்கு அது நீளம் என்பதால் இரண்டாக வெட்டி, இரண்டு வைரஸில் அனுப்பி, செல்லுக்குள்ளே சேர வைத்தார்கள். தறிக்காரருக்குத் தெரிந்த மாதிரி சொன்னால், பாவு என்கிற நீள நூல் முழுசாக இருக்கிறது, குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா மட்டும் இல்லை, நாடாவைப் போட்டதும் தறி ஓடியது. உங்கள் அப்பாவின் காதில் பாவே அறுந்துவிட்டது. அந்த ஊசி அவருக்கு ஒன்றும் செய்யாது. பிறவிக் குறை உள்ள குழந்தைகளிலும் இந்த மரபணுக் கோளாறு உள்ளவர்கள் சிறு பங்கினர்தான். இதைப் படிக்கும் வேறு யாராவது அந்த ஊசியை எதிர்பார்த்துக் குழந்தைக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் (உள்காதில் பொருத்தி நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவி) வைப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பேச்சு படியும் வயது கடந்தால் திரும்ப வராது. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதற்கு வழி இருக்கிறது.

அறுந்த பாவைப் பிணைக்கவே முடியாதா? கோழியால் முடியும். 1988-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன: சத்தத்தில் மயிர்ச்செல் அழிந்த பறவைகளுக்குச் சில வாரத்தில் புதுச் செல்கள் முளைக்கின்றன. பக்கத்தில் தாங்கி நிற்கும் துணைச்செல்களே மயிர்ச்செல்களாக மாறுகின்றன. நம் காதிலும் துணைச்செல்கள் உண்டு, ஆனால் அவை அந்த வேலையைச் செய்வதில்லை. அவற்றை உசுப்புவதற்காக முப்பது வருடத்துக்கு மேலாக ஆராய்ச்சி நடக்கிறது. மிக அருகில் வந்ததாக நாங்கள் எல்லோரும் நம்பியது எஃப்எக்ஸ்-322 என்ற அமெரிக்க மருந்து. செவிப்பறை வழியாக நடுக்காதில் ஊசியால் விடுவார்கள். முதல் சிறிய சோதனையில் சிலருக்குச் சொற்கள் முன்பைவிட நன்றாகப் பிடிபட்டன. அடுத்த பெரிய சோதனையில் மருந்து பெற்றவர்களுக்கும் வெறும் திரவம் பெற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. வெறும் திரவம் பெற்றவர்களுக்கும் காது தேறியதாகத் தெரிந்ததுதான் கவனிக்க வேண்டியது. சோதனையில் இடம் கிடைக்க வேண்டும் என்று முதல் பரிசோதனையில் சிலர் குறைவாகக் கேட்பதாகக் காட்டியிருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். அதனால் பிறகு இன்னொரு முறை, ஊசிக்கு முன்பே பல தடவை பரிசோதித்து, 140 பேருக்கு மேல் சேர்த்துச் செய்தார்கள். 2023 பிப்ரவரியில் முடிவு வந்தது: பலன் இல்லை. மருந்தைக் கைவிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட ஒருவர் "எனக்கு நல்லா கேக்குது" என்று வீடியோவில் சொல்வதை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையாகவே நம்பிச் சொல்கிறவர்களையும் வெறும் திரவம் தேற்றியிருக்கிறது.

ஆகவே, ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, இது ஆராய்ச்சியா, சிகிச்சையா? ஆராய்ச்சி என்றால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அதற்கு ஒரு பதிவு எண் இருக்கும். 2009-இலிருந்து மருந்துச் சோதனைகளுக்கு அது கட்டாயம். பங்கேற்பவரிடம் பணம் வாங்கவும் கூடாது. சிகிச்சை என்றால், ஸ்டெம் செல்லைச் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச்செல்) சில ரத்த நோய்களைத் தவிர வேறு எதற்கும் வழக்கமான சிகிச்சையாகத் தரக்கூடாது என்று ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. பணமும் கேட்டு, பதிவு எண்ணும் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். காத்திருக்கலாமா என்று கேட்டீர்களே, அதற்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். என்றைக்காவது மருந்து வரும் என்று நானும் நம்புகிறேன். அது இத்தனை வருடத்தில் வரும் என்று சொல்ல இன்று யாரிடமும் அடிப்படை இல்லை.

காதுக்குள் கேட்கும் சில்வண்டைப் பற்றி. நின்றுபோன செல்களிலிருந்து சேதி வராததால் மூளை தன் பக்கத்து ஒலியைக் கூட்டிவைத்துக்கொள்கிறது என்பதுதான் இன்றைக்குப் பலரும் ஏற்கும் விளக்கம், முழுதாக நிரூபிக்கப்பட்டதில்லை. பகலில் தறிச் சத்தம் அதை மூடிவிடும், ராத்திரி அமைதியில் பெரிதாகும். இதற்கு எழுதித் தரப்படும் ஜின்கோ, பீட்டாஹிஸ்டின், சத்து மாத்திரைகள் பலன் தருகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நானும் தொடக்க காலத்தில் எழுதித் தந்திருக்கிறேன், இப்போது எழுதுவதில்லை. படுக்கையருகே மின்விசிறி ஓசையோ மெல்லிய ரேடியோவோ வைத்துக்கொள்வது, காது மிஷின், மனம் பதறாமல் இருக்க உளவியல் முறைப் பயிற்சி, இவைதான் உதவுகின்றன. சத்தம் நிற்காது, ஆனால் அது தொந்தரவாகத் தெரிவது குறையும்.

காது மிஷினுக்கு வருவோம். என் கருத்தில் உங்கள் பணம் போக வேண்டிய இடம் இதுதான். ஆன்லைனில் விற்கும் வெறும் ஒலிபெருக்கி வேண்டாம். அது ஏற்கெனவே நன்றாகக் கேட்கிற கனத்த ஒலிகளையும் சேர்த்து முழக்கி அவரை விரட்டிவிடும். ஆடியோகிராமை வைத்து மேல் ஒலிகளை மட்டும் தூக்கிக் கொடுக்கும்படி ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அமைத்துத் தரும் டிஜிட்டல் மிஷின், முடிந்தால் இரண்டு காதுக்கும். முதல் மாதம் பாத்திரச் சத்தமே எரிச்சலாக இருக்கிறது என்று கழற்றி வைப்பார். மூளை பழக ஆறு, எட்டு வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இரண்டு மூன்று முறை போய் மறுபடி அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். மிஷின் போட்டால் ஞாபக மறதி வராது என்றும் விற்பவர்கள் சொல்வார்கள். காது மந்தம் மறதி நோயோடு சேர்ந்து வருவது பல ஆய்வுகளில் தெரிந்ததுதான். ஆனால் 977 முதியவர்களை மூன்று வருடம் தொடர்ந்து, 2023-இல் வெளியான பெரிய ஆய்வில், ஒட்டுமொத்தமாக மிஷின் ஞாபகமும் சிந்தனையும் மங்கும் வேகத்தைக் குறைக்கவில்லை. ஏற்கெனவே அபாயம் அதிகமாக இருந்தவர்களிடம் மட்டும் குறைத்தது. பேரக்குழந்தை பேசுவது புரிய வேண்டும் என்பதற்காக வாங்குங்கள், அந்தப் பலன் நிச்சயம்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பரிசோதனையைத் தொடங்கலாம். ஒரு ஏமாற்றத்துக்கு மட்டும் தயாராக இருங்கள். மாற்றுத்திறனாளி சட்டத்தின்படி இரண்டு காதிலும் பேச்சு அலைகளில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவிக்குறைபாடு என்று சான்று. தறிக்காரர் காதில் கீழே நன்றாக இருந்து மேலே மட்டும் விழுந்திருப்பதால், வாழ்க்கை எவ்வளவு சிரமமாக இருந்தாலும் சராசரி அந்த அளவைத் தொடாமல் போகும். சான்றையும் இலவச மிஷினையும் எதிர்பார்த்து வந்து வெறுங்கையோடு திரும்பிய நெசவாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆறுவதில்லை. சத்தத்தால் வரும் காது இழப்பு, 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. ஆனால் வீட்டோடு ஒட்டிய நாலு தறி, ஆறு தறிக் கூடங்களுக்கு அந்தச் சட்டம் எட்டியதில்லை.

இனி தம்பி. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது உலகெங்கும் பலர் ஏற்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-இல் நாலு மணி, 91-இல் இரண்டு, 94-இல் ஒன்று, 97-இல் அரை மணி. சாதாரண விசைத்தறிக் கூடம் 95-க்கும் 100-க்கும் இடையிலோ அதற்கு மேலோ இருக்கும். டீ நேரத்துக்கு முன்பே அவன் ஒரு நாளுக்கான பங்கை வாங்கிவிடுகிறான். கழிவு நூலை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன், பஞ்சும் நூலும் தடுப்பது சொற்பம். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை மெல்லிய குச்சி போல உருட்டி, எதிர்க்கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே தொங்கினால் பலனில்லை. கழற்றிக் கழற்றி மாட்டவும் கூடாது. எட்டு மணி நேரத்தில் அரை மணி மட்டும் கழற்றி வைத்தாலும், எவ்வளவு உயர்ந்த அடைப்பானாக இருந்தாலும் அன்றைக்குக் கிடைப்பது 12 டெசிபல் பாதுகாப்புக்கு மேல் போகாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பதினாறில் ஒரு பங்கு நேரம் முழுச் சத்தத்தில் போகிறது. "தறி ஓட்டம் மாறினா காதாலதான் தெரியும், அடைச்சா எப்படி?" என்று அவன் கேட்பான். நியாயமான கேள்விதான். அடைப்பான் தறிச் சத்தத்தையும் அந்த மாற்றத்தையும் ஒரே அளவுக்குத்தான் குறைக்கும், காது நன்றாக உள்ளவனுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். ஏற்கெனவே இழந்தவர்களுக்குத்தான் சிரமம், உங்கள் அப்பா மறுத்தால் அதில் உண்மை இருக்கிறது.

தம்பிக்கு இப்போதே ஓர் ஆடியோகிராம் எடுங்கள். தறி நிற்கும் நாளுக்கு மறுநாள் காலை, வேலைக்குப் போவதற்கு முன். முந்தைய ஷிப்டின் மந்தம் கலந்தால் காகிதம் தவறாகக் காட்டும். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்து வருடா வருடம் ஒப்பிட வேண்டும். ஒரே காதில் மட்டும் குறைந்தாலோ, ஒரே நாளில் திடீரென்று அடைத்தாலோ, தலைசுற்றலோ சீழோ இருந்தாலோ அது தறியால் வந்ததாக நினைத்துக் காத்திருக்கக் கூடாது. திடீர் அடைப்புக்கு ஸ்டீராய்டு கொடுப்பதென்றால் சில நாட்களுக்குள்ளேயே தொடங்க வேண்டும்.

அப்பாவுக்கும் தம்பிக்கும் எடுத்த இரண்டு தாள்களையும் பெயரை மறைத்துப் படமெடுத்து இங்கே போடுங்கள். 4000, 2000 இரண்டு இடத்திலும் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு, எந்த வகை மிஷின் பொருந்தும் என்று சொல்கிறேன்.